புற்றுநோயில் வழித்துணை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புற்றுநோய்ச் சிகிச்சையை முடித்து மீண்ட ஒருவர், இப்போதுதான் அந்த நோயை எதிர்கொள்ளும் இன்னொருவரைச் சந்தித்துப் பேசுவதும், அவருடன் சில மாதங்கள் தொடர்பில் இருப்பதும் பல மருத்துவமனைகளில் பல பெயர்களில் நடந்துவருகின்றன. அப்படி வருபவரை இந்தப் பக்கத்தில் வழித்துணைவர் என்று குறிப்பிடுகிறேன். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை, கீமோ, கதிர்வீச்சு மூன்றையும் கடந்து, அதன் பிறகு இந்த வேலைக்கு வந்தவள் நான். நோயாளிகளும் குடும்பத்தாரும் வழித்துணைவராக விரும்புவோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

வழித்துணைவர் என்பவர் ஆலோசகரா, தொண்டரா, நண்பரா?

மூன்றில் எதுவும் அவருக்கு முழுமையாகப் பொருந்தாது. மனநல ஆலோசகர் அதற்கென்று படித்தவர். அவருக்கு அந்த நோய் வந்திருக்க வேண்டியதில்லை. மருத்துவமனைத் தொண்டர் சக்கர நாற்காலியைத் தள்ளுவார், படிவம் நிரப்பித் தருவார். நண்பரோ நோய்க்கு முன்பே நம் வாழ்க்கையில் இருப்பவர். வழித்துணைவருக்கு இருக்கும் தகுதி ஒன்றே ஒன்றுதான்: அதே நோய்க்கு ஏறக்குறைய அதே சிகிச்சையைப் பெற்றவர், இன்று தன் வேலைகளைத் தானே பார்த்துக்கொண்டு நம் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். அறுவைக்கு மறுநாள் என்னைப் பார்க்க வந்த பெண்மணி என்ன பேசினார் என்பது எனக்குப் பாதிக்கு மேல் நினைவில்லை. அவர் கைப்பையை மாட்டியிருந்தது அறுவை நடந்த பக்கத்துத் தோளில்தான் என்பது மட்டும் இன்றும் நினைவிருக்கிறது.

மருத்துவர் எல்லாவற்றையும் விளக்கிவிட்டார், வீட்டிலும் அன்பாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். பிறகு இவர் எதற்கு?

மருத்துவரிடம் கேட்பதற்குக் கூசும் கேள்விகள் சில உண்டு. வெளிநோயாளர் பிரிவில் பின்னால் நாற்பது பேர் காத்திருக்கும்போது, இதைப் போய்க் கேட்பதா என்று நாமே விழுங்கிவிடுகிறோம். ‘கரண்ட் வைக்கும்’, அதாவது கதிர்வீச்சு தரும் அறையில் கதவைச் சாத்திவிட்டு என்னைத் தனியாக விட்டுவிடுவார்களா? அதற்குப் பிறகு குழந்தையைத் தூக்கலாமா? முடி ஒரே நாளில் கொட்டிவிடுமா? ரவிக்கையை எப்படித் தைத்துக்கொள்வது? கணவர் பக்கத்தில் வர அருவருப்பாரா? இவற்றில் பலவற்றுக்கு எளிய பதில்கள் இருக்கின்றன. கதிர்வீச்சு அறையில் தனியாகத்தான் படுத்திருக்க வேண்டும், ஆனால் அது பெரும்பாலும் சில நிமிடங்களே. வெளியிலிருந்து கேமராவில் நம்மைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், கூப்பிட்டால் கேட்கும், கதிர் படும்போது வலிக்காது. வெளியிலுள்ள கருவியிலிருந்து தரப்படும் கதிர்வீச்சு உடம்பில் தங்குவதில்லை. ஆகவே வீட்டுக்குப் போனதும் குழந்தையைத் தாராளமாகத் தூக்கலாம். முடியை உதிரச் செய்யும் கீமோ மருந்தானால், முதல் ஊசிக்குப் பிறகு இரண்டு மூன்று வாரங்களில் தலையணையிலும் குளியலறைத் தண்ணீர்ப் போக்கிலும் கற்றை கற்றையாகத் தெரியத் தொடங்கும்; சிகிச்சை முடிந்த சில மாதங்களில் திரும்ப வளரும்.

குடும்பத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அன்பான வீட்டில்தான் நோயாளி அதிகமாக நடிக்கிறார். தான் அழுதால் அம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு ஏறும், மகன் தேர்வை எழுதாமல் வந்து உட்கார்ந்துவிடுவான் என்று எண்ணி, “எனக்கு ஒன்றுமில்லை, நீங்கள் சாப்பிடுங்கள்” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். இறந்துவிடுவேனோ என்ற ஒற்றைக் கேள்வியை யார் மனத்தையும் புண்படுத்தாமல் உரக்கக் கேட்பதற்கு, அந்தக் கேள்வியை ஏற்கெனவே தனக்குள் கேட்டு முடித்த ஒரு வெளியாள் தேவைப்படுகிறார்.

இந்த வழக்கம் எப்போது, யாரால் தொடங்கியது?

ஒரே இடத்தில் தொடங்கியது என்று சொல்ல முடியாது. ஆனால் மார்பகப் புற்றுநோயைப் பொறுத்தவரை நியூயார்க்கைச் சேர்ந்த டெரீஸ் லாசர் என்ற பெண்மணியிடமிருந்து தொடங்குவது வழக்கம். 1952இல் அவருக்கு மார்பகம் அகற்றப்பட்டது. அந்தக் காலத்து அறுவை, மார்பகத்தோடு நெஞ்சுத் தசைகளையும் அக்குள் நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து எடுத்துவிடும் பெரிய அறுவை. அதற்குப் பின் கையை எப்படி உயர்த்துவது, எதை உடுத்துவது, கணவரிடம் என்ன சொல்வது என்று அவருக்குச் சொல்லித்தர யாரும் இல்லை. தானே கற்றுக்கொண்டவற்றை எடுத்துக்கொண்டு, அவர் மற்ற நோயாளிகளின் படுக்கைக்குப் போகத் தொடங்கினார்; கைப்பயிற்சிக்கு ஒரு பந்தும் கயிறும், உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளத் தற்காலிகச் செயற்கை மார்பகமும் அவருடைய பையில் இருக்கும். நோயாளி போய் நோயாளிக்குச் சொல்லித்தருவதாவது என்று மருத்துவர்கள் பலர் எதிர்த்தார்கள். 1969இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் அவருடைய ‘ரீச் டு ரெக்கவரி’ திட்டத்தை ஏற்றுக்கொண்டது. 1970களில் அது ஐரோப்பாவுக்கும் பரவியது.

குரல்வளை அகற்றப்பட்டவர்களின் பன்னாட்டுச் சங்கம் அமெரிக்காவில் உருவானதும் அதே 1952இல்தான். எனக்கு மிகவும் பிடித்த வரலாறு நார்மா கில் என்பவருடையது. அவருக்கு வந்தது புற்றுநோய் அன்று, பெருங்குடல் அழற்சி. 1954இல் நடந்த அறுவையில் வயிற்றில் திறப்பு வைத்து, மலம் அதன் வழியே பைக்குள் வருமாறு செய்தார்கள். அவர் தன் ஊரில் அதே நிலையில் இருந்தவர்களுக்கு உதவுவதைப் பார்த்த அறுவை மருத்துவர் ரூபர்ட் டர்ன்புல், 1958இல் அவரை அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் மருத்துவமனையில் வேலைக்கே சேர்த்துக்கொண்டார். 1961இல் அங்கே ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கியது. இன்று குடல் புற்றுநோய்க்காரர்களுக்கு வயிற்றுப் பையைப் பராமரிக்கக் கற்றுத்தரும் சிறப்புச் செவிலியர் துறைக்கு, ஒரு நோயாளிதான் முன்னோடி.

இந்தியாவில் ஹர்மலா குப்தாவைக் குறிப்பிட வேண்டும். கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாக இருந்தபோது அவருக்கு ஹாட்ஜ்கின் வகை நிணநீர்ப் புற்றுநோய் வந்தது. குணமடைந்து தில்லி திரும்பியவர், மீண்டவர்களும் நோயாளிகளும் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ‘கேன்சர் சஹயோக்’ என்ற குழுவை 1991இல் தொடங்கினார். வீடு தேடிச் சென்று வலி தணிப்புச் சிகிச்சை தரும் ‘கேன்சப்போர்ட்’ அமைப்பை 1996இல் நிறுவியவரும் அவரே.

யாருக்கு யாரைச் சேர்ப்பது? நோய் ஒன்றாக இருந்தால் போதாதா?

நோயின் பெயர் ஒன்றாக இருப்பது தொடக்கம் மட்டுமே. அமெரிக்கக் கவிஞர் ஆட்ரி லார்டுக்கு 1978இல் மார்பகம் அகற்றப்பட்டது. அப்போது அவரைப் பார்க்க வந்த தன்னார்வலர், நல்லெண்ணத்தோடுதான், வெளிர் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு செயற்கை மார்பகத்தைத் தந்தார். லார்டு கறுப்பினப் பெண். அந்த நிறம் அவருடைய தோலின் நிறமே அன்று. ஒரு பக்கம் தட்டையாக இருப்பதை மறைத்துத்தான் ஆக வேண்டுமா என்ற கேள்வியும் அவருக்கு இருந்தது. “நானும் உங்களைப் போலத்தான்” என்று வந்தவர் எந்த வகையில் தன்னைப் போல இருந்தார் என்பதை அவர் பின்னாளில் கடுமையாகவே எழுதினார்.

நம் ஊரில் இதே தவறு வேறு வேடத்தில் நடக்கிறது. மூக்கு வழியாகக் குழாய் போட்டுக் கஞ்சி ஊற்றும் நிலையில் உள்ள வாய்ப் புற்றுநோய் நோயாளி கட்டடத் தொழிலாளியாக இருப்பார். அவரைப் பார்க்கப் போகும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, “ஆறு மாதம் லீவு போட்டேன், அப்புறம் சரியாகிவிட்டது” என்று ஆறுதல் சொல்வார். தினக்கூலிக்குப் போகிறவருக்கு அந்த ஆறு மாதம் என்றாலே வேறு பொருள். ஆகவே நோய், அதன் நிலை, சிகிச்சை இவற்றோடு வயது, பாலினம், மொழி, தொழில், குழந்தைகள் சிறியவர்களா வளர்ந்தவர்களா என்பவற்றையும் பார்த்துச் சேர்ப்பது நல்லது. எல்லாம் பொருந்திய ஆள் கிடைப்பது அரிது. அப்படியானால் நோயாளிக்கு எது மிகவும் உறுத்துகிறதோ அதில் பொருந்துபவரைத் தேடுவேன். முப்பது வயதுப் பெண்ணுக்குக் கவலை இனிக் குழந்தை பிறக்குமா என்பதாக இருந்தால், அறுபது வயதில் அதே நோய் வந்த அம்மாளைவிட, வேறு புற்றுநோய் வந்த இளம்பெண் பொருத்தமானவர்.

அப்பாவுக்கு என்ன நோய் என்று நாங்கள் இன்னும் சொல்லவில்லை. வழித்துணைவரை அழைத்து ‘தைரியம் மட்டும்’ சொல்லச் சொல்லலாமா?

எனக்கு வரும் அழைப்புகளில் இதைக் கேட்பவைதான் மிகுதி. ‘வயிற்றில் புண்’ என்றோ ‘சின்னக் கட்டி’ என்றோ சொல்லி வைத்திருப்பார்கள். பெயர்ப்பலகையில் புற்றுநோய் என்று எழுதியிருக்கும் மருத்துவமனைக்கு அழைத்துப் போவதே அவர்களுக்குப் பெரும்பாடாக இருக்கும். குடும்பத்தாரின் அச்சத்தை நான் கேலி செய்ய மாட்டேன். கேட்ட அதிர்ச்சியிலேயே அப்பா போய்விடுவார் என்று உண்மையாகவே நம்பித்தான் மறைக்கிறார்கள்.

ஆனாலும் என் பதில், அழைக்க வேண்டாம் என்பதே. வழித்துணைவர் தன்னிடம் இருக்கும் ஒரே பொருளான “எனக்கும் இதே நோய் வந்தது” என்ற வாக்கியத்தை வீட்டு வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே போக வேண்டியிருக்கும். அதன் பிறகு அவர் பேசுவது வெறும் விருந்தினரின் பேச்சு. அதைவிடக் கேடு, நோயாளி நேராகக் கேட்டால் வழித்துணைவர் பொய் சொல்ல வேண்டும், அல்லது குடும்பத்தின் ஏற்பாட்டை உடைக்க வேண்டும். இரண்டும் அவருடைய உரிமை அன்று. நோயைச் சொல்வது மருத்துவரும் குடும்பமும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை.

இப்படிப்பட்ட நேரத்தில் வழித்துணைவரைக் குடும்பத்தார் மட்டும் சந்திக்கலாம். தனக்கு எப்படிச் சொல்லப்பட்டது, சொல்லாமல் இருந்த நாட்களில் தான் என்னவெல்லாம் கற்பனை செய்துகொண்டார் என்பதை அவர் சொல்லக் கேட்ட பிறகு, பல வீடுகளில் மனம் இளகியதைப் பார்த்திருக்கிறேன். அப்பாக்கள் பெரும்பாலும் முன்பே தெரிந்து வைத்திருக்கிறார்கள். மருத்துவமனையில் பக்கத்துப் படுக்கைக்காரருக்கு ஏறும் அதே பாட்டில் தனக்கும் ஏறுவதைப் பார்க்காத நோயாளி உண்டா?

வழித்துணைவர் எடுத்துக்கொண்ட மருந்தையே எனக்கும் தரும்படி மருத்துவரிடம் கேட்கலாமா?

வழித்துணைவர் பேசக்கூடாதவற்றில் முதலில் நிற்பது இதுதான். ஒரே உறுப்பில் வரும் புற்றுநோயிலும் பல வகைகள் உண்டு. மார்பகப் புற்றுநோயில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் உள்ள வகைக்கு ஹார்மோன் மாத்திரையை ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ சாப்பிடச் சொல்வார்கள்; அந்த ஏற்பிகள் இல்லாத வகைக்கு அந்த மாத்திரையால் பயனில்லை. எனக்கு எட்டு ஊசி போட்டார்கள், உங்களுக்கு ஏன் நான்குதான் என்று நான் விளையாட்டாகக் கேட்டால்கூட, அன்றிரவு உங்களுக்குத் தூக்கம் வராது. என் அறிக்கையும் உங்கள் அறிக்கையும் வேறு என்பதைத் தவிர அதற்கு வேறு காரணமே இல்லாமல் இருக்கலாம்.

பத்தியத்துக்கும் நாட்டு மருந்துக்கும் இதே விதிதான். “நான் இதைச் சாப்பிட்டேன், குணமானேன்” என்று மீண்டவர் சொல்லும் வார்த்தைக்கு விளம்பரத்தைவிட வலு அதிகம். அதனாலேயே அதைச் சொல்லக்கூடாது. கீமோ நடக்கும்போது வேறு எந்த மருந்தையும் மூலிகையையும் சேர்ப்பதற்கு முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சில பொருட்கள் கல்லீரலைப் பாதித்து, கீமோவையே தள்ளிப்போட வைத்துவிடும். குமட்டல் நேரத்தில் எது உள்ளே இறங்கியது, வாய்ப்புண் வந்தபோது காரமில்லாமல் எப்படிக் குழைத்துச் சாப்பிட்டோம் என்று பகிர்ந்துகொள்வதில் தவறில்லை. எனக்கு இறங்கியது ஆறிய மோர்சாதம் ஒன்றுதான். அதைச் சிபாரிசு செய்யவில்லை, சொன்னேன்.

இப்படிப் பேசிக்கொள்வதால் ஆயுள் நீளுமா?

இந்தக் கேள்விக்கு மருத்துவ உலகம் ஒருமுறை “ஆம்” என்று சொல்லிவிட்டுப் பிறகு பின்வாங்கியது. 1989இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்பீகலும் சக ஆய்வாளர்களும் ‘லான்செட்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உடலின் பிற பகுதிகளுக்கும் பரவிய மார்பகப் புற்றுநோய் உடைய 86 பெண்களில் ஒரு பகுதியினர், வழக்கமான சிகிச்சையோடு ஓராண்டுக்கு வாரந்தோறும் குழுவாகக் கூடிப் பேசினார்கள். அவர்கள் ஆய்வில் சேர்ந்ததிலிருந்து சராசரியாக 36.6 மாதங்களும், மற்றவர்கள் 18.9 மாதங்களும் வாழ்ந்ததாக அது சொன்னது. உலகமே வியந்த முடிவு இது. 2001இல் கனடாவில் பமீலா குட்வின் தலைமையில் 235 பெண்களிடம் இதையே பெரிய அளவில் செய்துபார்த்தபோது, ஆயுளில் வேறுபாடு எதுவும் தெரியவில்லை. 2007இல் ஸ்பீகல் தாமே மறுபடி செய்த ஆய்விலும், மொத்தத்தில் அந்த நீட்சி தெரியவில்லை. அதை அவரே வெளியிட்டார்.

குட்வின் ஆய்வில் தெரிந்தது வேறொன்று: தொடக்கத்தில் மிகுந்த மனத்துயரில் இருந்த பெண்களுக்கு, குழுவில் சேர்ந்த பிறகு துயரமும் வலியுணர்வும் குறைந்தன. இவையெல்லாம் பயிற்சி பெற்ற மனநல வல்லுநர்கள் நடத்திய குழுக்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆகவே “மனத்தைத் தைரியமாக வைத்துக்கொண்டால் நோய் ஓடிவிடும்” என்று யாராவது சொன்னால், வழித்துணைவராக இருந்தாலும் மறுத்துச் சொல்லுங்கள். அந்தப் பேச்சுக்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது. நோய் திரும்பி வரும் நாளில், தைரியம் போதாததால்தான் வந்தது என்று நோயாளி தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்வார். வலி குறைவதும் தூக்கம் வருவதும் போதாத பலன்களா என்ன?

தனியாகச் சந்திப்பது நல்லதா, குழுவாகக் கூடுவது நல்லதா?

ஆளைப் பொறுத்தது. அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விக்கி ஹெல்கெசனும் உடன் பணியாற்றியவர்களும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களில் வாழ்க்கைத் துணைவரின் ஆதரவு குறைந்தவர்களுக்கு நோயாளிகளின் கலந்துரையாடல் குழு நன்மை செய்தது. வீட்டில் ஏற்கெனவே நிறைந்த ஆதரவு பெற்றவர்களுக்கோ அதே குழு பின்னடைவைத் தந்தது. மற்றவர்களின் அச்சங்களைக் கேட்டுக் கேட்டு, தனக்கில்லாத கவலையும் வந்து ஒட்டிக்கொள்வது எளிது. இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு, வீடு திரும்பும்போது மனம் கனத்திருந்தால் நிறுத்திவிடுவதில் குற்றம் எதுவும் இல்லை.

குரல் போய்விடும் என்று சொல்லியிருக்கிறார்கள். அறுவைக்கு முன்பே யாரையாவது பார்க்க வேண்டுமா?

கட்டாயம் பார்க்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இந்த ஒரு நேரத்தில்தான். குரல்வளையை முழுவதும் எடுத்த பிறகு மூச்சு, கழுத்தில் உள்ள துளை வழியாகவே போய்வரும். பேசுவதற்கு மூன்று வழிகள் உள்ளன: உணவுக்குழாயில் காற்றை இறக்கி ஏப்பம் போலத் திருப்பிப் பேசுவது; கழுத்தில் வைத்துப் பேசும் மின்கருவி; மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையே பொருத்தும் சிறிய குரல் வால்வு. மூன்றாவதன் விலை நம் நாட்டில் ஏழைகளுக்கு எட்டாமல் இருந்தது. பெங்களூரு மருத்துவர் விஷால் ராவ் ‘ஓம்’ என்ற பெயரில் 50 ரூபாயில் செய்து காட்டிய வால்வு பெரிதாகப் பேசப்பட்டது அதனால்தான்.

எழுத்தில் இதைப் படிப்பதால் பயன் குறைவு. அப்படிப் பேசும் ஒருவரின் குரலை அறுவைக்கு முன்பே, மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருமுறை கேட்க வேண்டும். கேட்பவர்களுக்கு முதலில் தூக்கிவாரிப்போடும். பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தால் அந்தக் குரலும் பழகி, அவர் சொல்லும் விஷயம் மட்டும் காதில் விழத் தொடங்கும். அறுவைக்குப் பிறகு வழித்துணைவரை அழைத்தால், நோயாளியால் கேள்வியே கேட்க முடியாது. காகிதத்தில் எழுதிக் காட்டத்தான் முடியும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அதுவும் இல்லை.

எனக்கு நோய் பரவிவிட்டது. ‘குணமானவர்’ ஒருவரைப் பார்ப்பது எனக்கு வலிக்கிறது. என்ன செய்வது?

அந்த வலி நியாயமானது. குணமானவரை அனுப்புவது எல்லோருக்கும் ஏற்றது என்ற எண்ணத்தைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். பரவிய நோயோடு ஆண்டுக்கணக்கில் மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொண்டு வாழ்பவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்குரிய வழித்துணைவர் அவர்களில் ஒருவர்தான். ஸ்கேன் முடிவு வரும் வாரத்தை எப்படிக் கழிப்பது என்பது அவர்களுக்குத் தெரியும். மீண்டவர் என்ற சொல்லே சிகிச்சையை முடித்தவரை மட்டும் குறிக்க வேண்டியதில்லை. 1986இல் அமெரிக்காவில் தொடங்கிய மீண்டவர்களின் தேசியக் கூட்டமைப்பு, நோய் கண்டறியப்பட்ட நாளிலிருந்தே ஒருவர் அந்தச் சொல்லுக்கு உரியவர் என்று வகுத்தது. எனக்கு அந்த வரையறையில் முழு உடன்பாடில்லை, தமிழில் ‘மீண்ட’ என்பது முடிந்துபோன செயல். ஆனால் யாரையும் வாசலுக்கு வெளியே நிறுத்தக்கூடாது என்ற அதன் நோக்கம் எனக்குப் புரிகிறது.

பணம், பயணம், படிவம் இவற்றிலும் வழித்துணைவர் உதவுவாரா?

பணம் தரமாட்டார், வாங்கவும் மாட்டார். இதை முதல் சந்திப்பிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் எந்தச் சன்னலில் எந்தக் காகிதத்தை நீட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். சிகிச்சைக்கும் மறுபரிசோதனைக்கும் ரயிலில் போகும் புற்றுநோயாளிக்கு, மருத்துவர் தரும் சான்றிதழைக் காட்டினால், படுக்கை வசதி வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசி வகுப்பிலும் கட்டணமே இல்லை; உடன் போகும் ஒருவருக்கு அந்த வகுப்புகளில் 75 சதவீதம் சலுகை உண்டு. இது தெரியாமல் ஐந்தாறு மாதங்கள் முழுக் கட்டணம் கொடுத்துத் தென் மாவட்டங்களிலிருந்து சென்னைக்கு வந்துபோன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

கவனித்துக்கொள்பவருக்கும் இப்படி ஒருவர் கிடைப்பாரா?

கிடைக்க வேண்டும், பெரும்பாலும் கிடைப்பதில்லை. மனைவியைக் கவனித்த ஒரு கணவர் இன்னொரு கணவரிடம் தேநீர்க்கடையில் நின்று பேசும் அரை மணி நேரம், எந்தக் கூட்டத்துக்கும் ஈடாகும்.

நான் சிகிச்சையை முடித்துவிட்டேன். எப்போது நான் மற்றவருக்குத் துணையாகப் போகலாம்?

உடனே வேண்டாம். சிகிச்சை முடிந்த முதல் மாதங்களில் நன்றியுணர்வு பெருகி, உலகத்துக்கே உதவ வேண்டும் என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் அந்த நாட்களில் நம் காயமே ஆறியிருக்காது, இன்னொருவரின் கதையைக் கேட்கும்போது நம் கதைதான் வாயில் வந்து நிற்கும். பல அமைப்புகள் ஓராண்டாவது கடந்திருக்க வேண்டும் என்று கேட்பது இதனால்தான். காலத்தைவிட நான் பார்ப்பது வேறொன்று: தன் நோயைப் பற்றிக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிறாரா, ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்கிறாரா? ஐந்து நிமிடக்காரர் தயாராகிவிட்டார்.

என்ன பேசுவது என்று தெரியவில்லை. எதைத் தவிர்க்க வேண்டும்?

கேட்பதே வேலையில் பெரும்பகுதி. “பயப்படாதீர்கள்” என்பதை விட்டுவிடுங்கள். பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. “கவலைப்படாதீர்கள், என்னைப் பாருங்கள்” என்றும் சொல்ல வேண்டாம், அவர் ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். அதே நோயில் இறந்தவர்களின் கதை, எந்த மருத்துவமனை உயர்ந்தது, எந்த மருத்துவர் கைராசிக்காரர், முன்வினைப் பயன் போன்றவை வேண்டாம். தொட்டால் ஒட்டும் என்று நம்பி டம்ளரைத் தனியாக வைக்கும் வீடுகள் இன்னும் உள்ளன. அப்படிப்பட்ட வீட்டில் நீண்ட விளக்கம் தருவதைவிட, நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து அதே வகை டம்ளரில் காபி வாங்கிக் குடிப்பது நல்லது. மார்பகப் புற்றுநோய் ஒட்டுவாரொட்டி அன்று என்பதை மாமியார்கள் அங்கேதான் கற்றுக்கொள்கிறார்கள்.

கேட்டவற்றை வெளியே சொல்லக்கூடாது. மகளுக்கு வரன் பார்க்கும் வீடாக இருந்தால், உங்கள் வாயிலிருந்து நழுவும் ஒரு சொல் என்ன செய்யும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

எப்போது இந்தத் துணை போதாது?

நோயாளி பல நாட்களாகச் சாப்பிடாமல், தூங்காமல், யாரிடமும் பேசாமல் இருந்தாலோ, வாழ்ந்து என்ன பயன் என்ற வகையில் பேசினாலோ, வழித்துணைவர் தனியாக அதைத் தாங்க முயலக்கூடாது. அன்றே சிகிச்சைக் குழுவிடமும் குடும்பத்தாரிடமும் சொல்ல வேண்டும். சொல்லப்போகிறேன் என்பதை நோயாளியிடமும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். கீமோவுக்கு இடையில் காய்ச்சல் வந்தால் அதுவும் வழித்துணைவரிடம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய விஷயம் அன்று. ‘கவுண்ட்’, அதாவது ரத்தத்தில் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை, இறங்கிய நேரத்துக் காய்ச்சல் சில மணி நேரத்தில் ஆபத்தாகலாம். நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வழித்துணைவருக்கே நோய் திரும்பினால்?

நடக்கக்கூடியதுதான். அவர் துணை நின்ற நோயாளியிடம் அதை யார், எப்படிச் சொல்வது என்று ஒருங்கிணைப்பாளர் முன்பே யோசித்து வைத்திருக்க வேண்டும். திடீரென்று அழைப்பு நின்றுபோனால் நோயாளி உண்மையைவிட மோசமானதைக் கற்பனை செய்வார். எங்கள் குழுவில் ஒருவருக்கு அப்படித் திரும்பியபோது, அவர் முன்பு துணை நின்ற பெண்ணே அவரைப் பார்க்கப் போனார். யாரும் ஏற்பாடு செய்யவில்லை.

எங்கே தேடுவது?

சிகிச்சை பெறும் மருத்துவமனையின் மருத்துவச் சமூகப் பணியாளரிடமோ கீமோ பிரிவின் மூத்த செவிலியரிடமோ கேளுங்கள். முறையான திட்டம் இல்லாத இடத்திலும், மறுபரிசோதனைக்கு வருபவர்களில் யார் பேச ஒத்துக்கொள்வார் என்பது செவிலியருக்குத் தெரிந்திருக்கும்.

முதல் சந்திப்புக்கு என்ன எடுத்துக்கொண்டு போவது?

வெறுங்கையோடு போவதற்கு நம் பழக்கம் இடம் தராது என்பது தெரியும். ஆனாலும் பூவும் பழமும் வேண்டாம். கவுண்ட் குறைந்த நோயாளிக்கு அவற்றிலுள்ள கிருமிகள் கேடு செய்யலாம் என்று பல வார்டுகளில் அனுமதிப்பதில்லை. வீட்டில் சமைத்ததையும் செவிலியரைக் கேட்காமல் எடுத்துப் போகாதீர்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு உள்ளே போங்கள். வாசனைத் தைலம், அத்தர், மல்லிகைச் சரம் எதுவும் அன்றைக்கு வேண்டாம், கீமோ நேரத்தில் வாசனையே குமட்டும். லேசான சளி இருந்தாலும் போகாமல் தொலைபேசியில் பேசிவிட்டு, வேறொரு நாள் போகலாம். அரை மணி நேரம் போதும். கிளம்பும்போது மறுபடி வரட்டுமா என்று கேளுங்கள்; வேண்டாம் என்று சொன்னால் உங்கள் தொலைபேசி எண்ணை மட்டும் ஒரு துண்டுத்தாளில் எழுதித் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வாருங்கள்.